வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் விட்டதா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தது. பயந்துபோய்ச் செய்யும் தவறுக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பு என்று இடைக்காலத் தத்துவவாதிகள் எழுதியதைத்தானே ஆராய்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், என் மூன்றாம் அத்தியாயம் அப்படியே என் கைடு பேரில் கட்டுரையாக வந்திருப்பதைக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். கைடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

முடிவை நிறுத்திவைத்து விசாரணை போட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் கைடு மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னது நிஜம்தாம்மா. ஆனா இனி மைசூர்ல உனக்கு வேலை சிக்காது."

பெரிதாக ஒன்றுமில்லை அப்பா. கூட இருந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள், அறைப் பூட்டும் சரியில்லை. வீட்டிலிருக்கும் பெரிய பூட்டை அனுப்புங்கள். அம்மாவிடம் கொஞ்சம் கருவாடும் கேளுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், கிளம்புகிறேன். இதற்காகத் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்துவிடாதீர்கள். வருவதானால் எந்த வண்டி என்று மட்டும் சொல்லுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெசிந்தா