மே மாதத்தில் நட்ட கொய்யா

கல்மண்டபம்,
மே 20.

ஜானட் அப்பாவுக்கு,

புழல் ஜெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு ஐரீன் எழுதுவது. நானும் ஜானட்டும் இருக்கிறோம். வெயில்தான் ஆளை உருக்குகிறது.

மாடியில் நீங்கள் டிரம்மில் வளர்த்த மரங்கள் மூன்றும் இப்போது அங்கே இல்லை. தளம் ஒழுகுகிறது, ஒரு வாரத்தில் இறக்கிவிடு என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். இந்த வெயிலில் இடம் மாற்றினால் செத்துவிடும், மழை வரட்டும் என்று கெஞ்சினேன். "இன்னாமா, மய வர்ற வரைக்கும் தளம் தாங்குமா? கீய ஆளுங்க கீறாங்க" என்றார்.

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். கோயில் பின்சுவர் ஓரம் இடம் காட்டினார். எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்காவும் நானும் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து டிரம்களை இறக்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போனோம். வெயில் தாழ்ந்த பிறகுதான் குழி வெட்டினோம். வேர்மண் உதிரக் கூடாது என்பீர்களே, அதனால் டிரம்மையே அறுத்து எடுத்தேன். நிழலுக்கு உங்கள் இரண்டு லுங்கிகளைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கொய்யாவில்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. கிளை நிறையப் பிஞ்சு. பிஞ்சையும் தாங்கிக்கொண்டு வேரும் பிடிக்க அதனால் ஆகாது என்று எல்லாவற்றையும் கிள்ளினேன். ஜானட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வந்து துன்னட்டும்னு வச்சிருந்தேன்மா" என்று அழுதாள். அவளை அதட்டிவிட்டு நானும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எலுமிச்சை நாலாம் நாளே காய்ந்துவிட்டது. மாதுளை இலை கொட்டிக் குச்சியாக நிற்கிறது. கொய்யாவில் மட்டும் நேற்று ஒரு கணுவில் துளிர் பார்த்தேன். வேலைக்குப் போகும் முன் இரண்டு குடம், வந்த பிறகு இரண்டு குடம் ஊற்றுகிறேன். லாரித் தண்ணீர்தான். ராத்திரி கையைத் தூக்கி ஜடை பின்னக்கூட முடிவதில்லை.

ஜாமீன் இல்லை என்று ஆனதிலிருந்து இரண்டு முறை மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தேன். இரண்டு முறையும், அவர் வர மாட்டேன் என்கிறார் என்று வார்டர் வந்து சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜானட்டிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சண்டையில் உங்களிடம் அடிபட்ட வில்சன் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். அவர் அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஜானட்டையும் கூட்டி வருகிறேன். பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். வந்து நில்லுங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். மாதா உங்களை அந்தக் கம்பி வரைக்குமாவது நடத்திக்கொண்டு வரட்டும்.

உங்கள்
ஐரீன்