வெங்காயத்தோல் ரவிக்கை

பெண்கள் சிறை
ஜனவரி 9

என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முட்டிவலிக்கு மட்டும் என்னை விட்டுப் போக மனமே இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அத்தையின் இருமல் விட்டதா? உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. கோபமெல்லாம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

உறைக்குள் ஒரு மஞ்சள் கைக்குட்டை இருக்கிறதா பார். நான் சாயம் போட்டது. சிரிக்காதே! போன மாதம் சமையலறையில் மஞ்சள்தூள் மூட்டையைத் தூக்கும்போது அது கிழிந்து என் தலையிலிருந்து கால்வரை கொட்டிவிட்டது. என்னோடு வெங்காயம் உரிக்கிறவள் ஒருத்தி, வாயை மூடவே மாட்டாள், அதனால் எல்லாருக்கும் அவள் ரேடியோ. அவள் சொன்னாள், "அக்கா, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீ கலர்ல இருக்கே." அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு. ஞாயிறு சமையல் முடிந்ததும் ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் எதையாவது போட்டுக் கொதிக்கவைக்கிறேன். பீட்ரூட் தோல், பாத்திரத்துக்குள் பார்த்தால் அப்படி ஒரு சிவப்பு. துணியை அலசி எடுத்தால் புண்ணுக்குக் கட்டிய பழந்துணி மாதிரி இருக்கிறது. தேயிலைச் சக்கை பரவாயில்லை. எங்கள் கடிதங்களைப் படித்து அனுப்பும் மேடம்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "எதையாவது கொளுத்தாம இருந்தா சரி" என்று போய்விட்டார்.

ஆகஸ்டு பதினெட்டாம் தேதி என்னை விடுகிறார்கள். வாசலில் அழைத்துப்போக யார் வருவார்கள் என்று கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் சொல்லிவிடு. தப்பில்லை என்றால் அதையும் சொல்.

உன் அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் அனுப்பிய கைக்குட்டை கிடைத்தது. கடையில் பள்ளிச் சீருடை வேலை அதிகம் என்பதால் உடனே எழுத முடியவில்லை.

கைக்குட்டையை மற்றத் துணிகளோடு சோப்புத் தண்ணீரில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடி வந்துவிட்டார்கள். அதை மறுபடி வாளிக்குள் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அவ அனுப்பினதாச்சே, வேற எந்த நிறத்துல இருக்கும்" என்றார்கள். அப்புறம் அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகி, எனக்குச் சூடாகப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். தயவுசெய்து இனிமேல் துணி அனுப்ப வேண்டாம். ஓரத்தில் சிறை முத்திரை வேறு குத்தியிருக்கிறது. வெளியே கொடியில் போட முடியவில்லை.

ஒரு செய்தி. எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். நான் தைக்கிற கடை முதலாளியம்மாவின் மகன். கடை வேனை அவர்தான் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். அத்தைக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும்.

வாசலுக்கு வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மகள்


பெண்கள் சிறை
மார்ச் 4

என் கல்யாணப் பெண்ணே,

கல்யாணமா! அதை என்ன கடைசியில், சோப்புக்கும் கொடிக்கும் பிறகு எழுதியிருக்கிறாய்? மாப்பிள்ளை உயரமா, குட்டையா? சிரித்தால் எப்படி? "அதிகம் பேச மாட்டார்" என்று ஒரே வரி. உனக்கும் சேர்த்து அவர்தான் பேச வேண்டியிருக்கும் போல. அப்புறம், என்னைப் போய் 'நீங்கள்' என்கிறாயே, நான் என்ன உனக்குத் தலைமை ஆசிரியையா?

கைக்குட்டை விஷயத்தில் நான் ஒரு மடச்சி. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எழுத மறந்துவிட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் முக்கினால் பழைய மஞ்சளே வந்துவிடும். ஆனால் நீ ஒன்பது வயதில் பார்த்ததைத் திரும்ப உன் கையிலேயே கொடுத்துவிட்டேனே, அதற்கு எந்தப் பழத்தைப் பிழிவது? மன்னித்துக்கொள், கண்ணு. அத்தை சொன்னதை மனதில் வைக்காதே. போனது அவர்களுடைய அண்ணன். கொன்றவளின் மகளைத் தன் தட்டில் சோறு போட்டு வளர்த்தவர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்.

துணி வேண்டாம் என்றாய். காதில் விழவில்லை. கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கைத் துணியாவது என் கையால் வர வேண்டாமா? இப்போது வெங்காயத் தோலைப் பிடித்திருக்கிறேன். நானூறு பேர் சாப்பிடும் இடத்தில் தோலுக்கா பஞ்சம்? நானும் ரேடியோவும் மூக்கைச் சிந்திக்கொண்டே சாக்கில் சேர்க்கிறோம். துணியின் எடைக்குச் சமமாகத் தோல் வேண்டும். முதலில் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு தொட்டித் தண்ணீர் தெளியப் போடுவார்களே அந்தப் படிகாரத்தில் ஊறவைத்து, கடைசியாகத் தோல் கொதித்த சாற்றில் ஒரு மணி நேரம் மெல்லிய தீயில். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. நல்ல தேன் நிறம் வருகிறது, அம்மா சத்தியமாக. ஓரத்தை ஐந்து முறை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான், சிவக்கவில்லை.

முத்திரைதான் தொல்லை. இங்கே நெய்த துணி எதுவானாலும் சாணுக்கு ஒன்று குத்தித்தான் வெளியே விடுகிறார்கள். நிறத்தை எவ்வளவு ஏற்றினாலும் அந்த ஊதா மை உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். தேதியை ஆகஸ்டு பதினெட்டுக்குப் பிறகு வைக்கச் சொல். மூலையில் நின்று பார்த்தால் போதும் எனக்கு.

உன் அம்மா


மே 12

அம்மா,

துணி வந்தது. பிரித்ததும் அத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "நல்லாத்தான் போட்டிருக்கா" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை. எழுதி வைத்துக்கொள்.

கடையில் எல்லாரும் சாப்பிடப் போனபோது அதை என் மேஜையில் விரித்தேன். சாக்கட்டியால் ஒவ்வொரு முத்திரையையும் சுற்றிக் கட்டம் போட்டேன். கட்டத்துக்கு வெளியே மிஞ்சியதில் முதுகு, முன்பக்கம், கை என்று துண்டு துண்டாக எடுத்து ஒட்டுப் போட்டுத் தைத்தேன். ஒன்பது ஒட்டு. வெளியே ஒன்றும் தெரியாது. போட்டுப் பார்த்தேன், எனக்கு அந்த நிறம் பொருந்துகிறது. கல்யாணத்தன்று அதைத்தான் போடப்போகிறேன். தேதி செப்டம்பர் ஆறு. நான் கேட்கவே இல்லை, அத்தையாகத்தான் தள்ளி வைத்தார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீ என்னைத் திட்ட வேண்டும். பதினாறு வயதில் கடையில் சேர்ந்தபோது முதலாளியம்மா, "உங்கம்மா எங்கே" என்று கேட்டார்கள். செத்துவிட்டாள் என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போனார்கள் என்றேன். நாலு வருடமாய் அதை மாற்ற வழி தெரியவில்லை. நான் கட்டிக்கொள்ளப்போகிறவருக்கும் அதுதான் தெரியும். நீ வாசலுக்கு வரச் சொன்னதற்கு நான் பதில் எழுதாதது இதனால்தான்.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஒரு பெட்டி மேல் உட்கார வைத்து என்னிடம் கேட்டார்களே, உன் அப்பாவை அடித்தது யார் என்று. "அம்மாதான், வாணலியால" என்றேன். அப்பா உன்னை அடித்ததை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்குக் குறைந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. முதலில் உன்னை உள்ளே அனுப்பினேன். அப்புறம் சாகவும் அடித்தேன்.

உன் மகள்


பெண்கள் சிறை
மே 25

மகளுக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். நான் என்ன செத்தா போய்விட்டேன்? தினமும் நானூறு பேருக்குச் சோறு வடிக்கிறேன். முட்டி வலிக்கிறது, பசிக்கிறது, ரேடியோவோடு சண்டை போடுகிறேன். செத்தவளுக்கு இதெல்லாம் உண்டா? காய்ச்சலாமே, காய்ச்சல்! ஒரு நல்ல வியாதியாகவாவது கொடுத்திருக்கக் கூடாதா?

நீதிமன்றத்தை இதில் இழுக்காதே. அன்றைக்கு உன் கால் தரையைத் தொடாத உயரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு உன் கால் ஆடிக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. நீ பார்த்ததைச் சொன்னாய். அதற்கு ஒரு நாளும் நான் உன்னை நொந்ததில்லை. இதற்குத்தான் நோகிறேன்.

அந்தப் பையனிடம் சொல்லிவிடு. அம்மா இருக்கிறாள், இன்ன இடத்தில் இருக்கிறாள், இன்னது செய்தாள் என்று சொல். ஓடிவிடுவான் என்றால் இப்போதே ஓடட்டும். நான் வெளியே வந்து தெருவில் நடக்கத்தான் போகிறேன். எத்தனை நாளைக்கு மறைப்பாய்?

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

அம்மா


ஜூலை 15

அம்மா,

நான் சொல்வதற்கு முன்னால் அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

வெட்டிய முத்திரைத் துண்டுகளை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் நிறம் ஆயிற்றே. என் மிஷின் கீழே இருக்கும் கழிவுத்துணிச் சாக்கின் அடியில் போட்டு வைத்தேன். போன வாரம் முதலாளியம்மா தலையணைக்கு அடைக்க அந்தச் சாக்கைக் கவிழ்த்திருக்கிறார்கள். நான் உள்ளே போனபோது மேஜையில் ஏழு துண்டும் வரிசையாக இருந்தது. "பெண்கள் சிறை, நெசவுப் பிரிவு." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கே வாசித்துக் காட்டினார்கள். "இது யாரு அனுப்பினது?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாணலி, அப்பா, நீதிமன்றம், காய்ச்சல், எல்லாம். அவரும் நின்று கேட்டார். பிறகு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள்தான், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

முதலாளியம்மா கெட்டவர்கள் இல்லை, அம்மா. மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். "உன்னை விடறதுக்கு எனக்கு மனசில்ல. ஆனா சொந்தம் பூரா நீ தாயில்லாப் பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப செத்தவங்க எழுந்து வந்தா நான் என்ன பதில் சொல்றது? அவங்க வரட்டும். கல்யாணத்துக்கு வரட்டும், அப்புறமும் வந்து போகட்டும், ஒரு வேளை சோத்துக்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன். உன் பெரியம்மான்னு வரட்டும். என்னைக்கும் பெரியம்மாதான். நடுவுல மாத்தக்கூடாது."

நான் அழுதேன். அத்தை, "உங்கம்மா ஒத்துக்கலைன்னா நானும் ஒத்துக்க மாட்டேன். கல்யாணம் வேணாம்னு நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார்கள். நிஜமாகவே சொல்லிவிடுவார்கள். நீ வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன். நான் அவரை மறந்துவிடுவேன். உன் பதில் வரும்வரை ரவிக்கையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உன் மகள்


பெண்கள் சிறை
ஆகஸ்டு 2

என் தங்கத்துக்கு,

கல்யாணத்தை நிறுத்தாதே. மறந்துவிடுவாளாம்! அவன் வேனில் போய் உட்கார்ந்ததைக்கூட மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறாய், நீ எங்கே மறக்கப்போகிறாய்?

பதினைந்து நாளாய் யோசித்தேன். முதல் நாலு நாள் அந்த முதலாளியம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் என்னையே திட்டினேன். வேண்டாம் என்று நீ தெளிவாக எழுதியும் துணி அனுப்பியவள் நான்தானே. சும்மா இருந்திருந்தால் உனக்கு இந்தக் கஷ்டமே இல்லை. என் ஆசை என்னை விடவில்லை, அதுதான் நடந்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் அத்தை எனக்காக ஒன்றை வேண்டாம் என்று சொல்லத் துணிந்தார்களே, அதற்குப் பிறகு நான் என்ன அடம் பிடிப்பது? அவர்கள் காலில் என் பெயரைச் சொல்லி ஒரு தடவை விழுந்து எழு.

இனி காரியத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வாசலுக்கு வா. அங்கே நிற்கிற காவல்காரர்களுக்கு நம்மைத் தெரியும். அதனால் அந்த இடத்தில் மட்டும் அம்மா என்று கூப்பிட்டுக்கொள், எத்தனை தடவை வேண்டுமானாலும். பஸ் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். எனக்கு வேலை இருக்கிறது. மேடம் சொல்லி ஒரு விடுதிச் சமையலறையில் எடுத்துக்கொள்கிறார்கள், தங்க இடமும் அங்கேயே. உன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட மாட்டேன். பயப்படாதே.

சொந்தக்காரர்கள் உன் அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்பார்கள், செத்துப்போன தங்கச்சி ஆயிற்றே. காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று நாம் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்று வைத்துக்கொள். குணம் எப்படி என்றால், கொஞ்சம் முன்கோபி, ஆனால் மகள் மேல் உயிர் என்று சொல்லிவிடுகிறேன். செத்தவளைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் யாரும் குறுக்கே கேட்கப்போவதில்லை. நாளைக்கு உன் பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அம்மாவைப் பெற்றவளும் பாட்டிதான், அவளுடைய அக்காவும் பாட்டிதான். அந்த இடத்தில் நான் தப்பித்துவிட்டேன்!

ரேடியோ எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். உன் மாமியார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்பாள். மூன்று தடவை "அம்மா" என்றே வாயில் வந்துவிட்டது. "அக்கா, காரியத்தைக் கெடுத்துடுவே" என்று அதட்டினாள். நாலாவது தடவை சரியாகச் சொன்னேன். அவள்தான் எழுந்து போய்விட்டாள், அழுதுகொண்டே. நான் அழவில்லை. வெங்காயம் பாக்கி இருந்தது, உரித்து முடித்தேன்.

நீயும் பழகிக்கொள். நான் கையெழுத்திலிருந்து தொடங்குகிறேன்.

உன் பெரியம்மா