அவள் நோட்டில் நான் போட்ட கமாக்கள்

மார்ச் 3

இன்று அச்சகத்தில் மிக்ஸி கையேட்டின் மூன்றாம் புரூஃப் திருத்தினேன். பதினாறு பக்கத்தில் நாற்பத்தொரு கமா சேர்த்தேன். "சார், பார்த்துப் போடுங்க, பேப்பர் தாங்காது" என்று பைண்டிங் ஆள் கிண்டல் செய்தான். செய்யட்டும். படிக்கிறவர் ஒரு வரியைப் புரியாமல் திரும்பப் படித்தால் அது என் தோல்வி. முப்பது வருஷமாக அப்படித்தான்.

வீட்டில் என் மனைவி எழுதிவிட்டாள்! பக்கவாதம் வந்து ஏழு வாரம். பேச்சு போய்விட்டது, வலது கை விளங்கவில்லை. இடது கையால், கோடு போட்ட நோட்டில்: "ஜன்னல் திறங்க காத்து வேணும்". எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். அப்புறம் கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு கமா போட்டேன்.

மார்ச் 9

தினமும் எழுதுகிறாள். நானும் தினமும் திருத்துகிறேன். எழுத எழுதத்தான் சொற்கள் திரும்பி வரும் என்று பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் சொன்னாள். வருவது ஒழுங்காகவே வரட்டுமே! இன்று ஒரே வாக்கியத்தை மூன்று தடவை எழுத வைத்தேன். மூன்றாவதில் கமா சரியான இடத்தில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. களைப்பு போல.

மார்ச் 14

எழுதவில்லை.

மார்ச் 15

இன்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறாள். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் ஆபீஸிலிருந்து ஓடி வருகிறேன்.

மார்ச் 18

பயிற்சிப் பெண் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாகச் சிவப்பு.

"இது யார் வேலை சார்?"

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் — வெட்கக்கேடு.

"அவங்க எழுதினது உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

புரிந்தது. எல்லாமே புரிந்தது.

"அப்புறம் எதுக்கு சார்?"

எதுக்கு? ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் அல்லாடுறவளுக்கு மார்க் போட நான் யாரு? நல்லா இருந்தப்ப, "இவருக்குக் கமா இல்லாம தும்மல்கூட வராது"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பா. அன்னிக்கு அவளால திருப்பிச் சொல்ல முடிஞ்சுது. இப்ப என்ன செய்வா பாவி மக...

மார்ச் 19

புது நோட்டு வாங்கி வைத்தேன். மன்னிச்சுடும்மா என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 26

எழுதியிருக்கிறாள்.

"உங்க முன்னால எழுத பயமா இருக்கு என்னை பொண்ணு வீட்டுல விட்டுடுங்க அங்க எழுதுவேன்"

ஒரே வாசிப்பில் புரிந்துவிட்டது. புரியாதது போல நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன்.

மார்ச் 29

மகள் வந்து அவளை அழைத்துப் போனாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். காரில் ஏறுமுன் அவள் இடது கையால் என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அதற்கே தெருவில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 11

மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா இன்னிக்கு ரெண்டு பக்கம் எழுதினாங்கப்பா!"

என்ன எழுதியிருக்கா, படிச்சுக் காட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது.

"அது எனக்கு எழுதினதுப்பா."

சரிம்மா என்றேன்.