கம்பியைப் பிடிக்கும் கை

பாசமுள்ள அப்பாவுக்கு,

நீ கண்டக்டராக இருந்த பஸ் இன்னும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விசில் ஊதுகிறவர்தான் வேறு. காலேஜுக்குப் போன மூன்று வருடமும் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் பேசாமல் உட்கார்ந்து, கூட்டத்தில் நீ நீந்தி வருவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்குத் தெரியுமா?

கொரோனா ஊசி வந்த வருடம் நீ சொன்னதையும் அந்த சீட்டில் இருந்துதான் கேட்டேன். "போட்டா ரெண்டு நாள் கையத் தூக்க முடியாதாம் டிரைவரே. எந்தக் கையால கம்பியப் புடிச்சிக்கினு டிக்கெட் கிழிக்கறது? கல்யாண சீசன் முடியட்டும்."

பஸ்ஸே சிரித்தது. படித்தவள் நான், வேண்டாம்ப்பா, தள்ளிப்போடாதே என்று வாய் திறக்கவில்லை. சீசன் முடிவதற்குள் கொரோனா உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அம்மா இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டாள். அப்படியும், உருமாறி வந்த புதுக் கொரோனா அவளைப் பிடித்தது. ஐந்து நாள் காய்ச்சல். வீட்டிலேயே கஞ்சி குடித்து எழுந்துவிட்டாள். அது ஆகி நாலு மாதமாகிறது. மூன்றாவது ஊசிக்குக் கூப்பிட்டால் வர மறுத்தாள். "ரெண்டு போட்டும் வந்துச்சே, இன்னொன்னு என்னாத்துக்கு? பேஜாரு பண்ணாத, போ."

நேற்று நான் பேசினேன்ப்பா. உன் கதையைத்தான் சொன்னேன். டிக்கெட் எடுக்காமல் நழுவுவாரே ஒரு மீசைக்காரர், ஒருநாள் மீசையை எடுத்துவிட்டு, தலையில் துண்டோடு பின்படியில் ஏறினாரே? ஏறும்போது ஏமாந்துவிட்டாய். ஆனால் விக்கிரவாண்டி வருவதற்குள் நடையை வைத்துப் பிடித்துவிட்டாய். "இன்னா மாமு, மீசைய எடுத்துட்டா டிக்கெட் ஃப்ரீயா?"

"ஊசியும் அப்படித்தாம்மா. உடம்புக்கு ஆளை அடையாளம் காட்டி வைக்குது. கொரோனா வேஷம் மாத்திக்கினு வந்தா ஏறிடலாம். ஆனா பெரும்பாலும் ரொம்ப தூரம் போக விடாது. நாளானா உடம்பு அசந்துபோவும், அதான் இன்னொன்னு" என்றேன்.

அவள் ஊசியால்தான் பிழைத்தாள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. உனக்குப் போட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? அதையும் யாரால் சொல்ல முடியும்?

அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கையில போடுவாங்க?" என்று கேட்டாள்.

நாளைக் காலை உன் பஸ்ஸில்தான் அவளை விழுப்புரம் கூட்டிப் போகிறேன். திரும்பும்போது அவளுக்குக் கை வலித்தால், அவளுக்கும் சேர்த்து நான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். இனி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எந்த பஸ்ஸிலும் இறங்க மாட்டேன் அப்பா.

ஜன்னல் சீட்டிலிருந்து எழுந்துவிட்ட உன் மகள்,
செல்வி