மூச்சு எடுக்கும் இடங்கள்

8 மார்ச் 2025, சனி
மளிகைக் கடையில் உளுந்து என்று இரண்டு முறை சொல்லியும் கடைக்காரருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை விரலால் காட்டினேன். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் போன குரல் இது.

இருபதாம் தேதி திருச்சியில் ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. "கட்டி மூச்சுப் பாதையை நெருக்கிக்கிட்டே வருது சார். தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர்.

பெரிய வெள்ளி ஏப்ரல் 18. எங்கள் கோயிலில் அன்றைக்கு ஏசுவின் பாடுகளின் வரலாற்றை, வேலையில் சேர்ந்த வருடத்திலிருந்து, நான்தான் வாசிக்கிறேன். இன்னும் ஒரே ஒரு முறை வாசித்துவிட்டுப் போகிறேனே, ஆண்டவரே?

10 மார்ச்
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை ஈஸ்டருக்குப் பிறகு மாற்றச் சொல்லிவிட்டேன். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க சார்" என்றது போனை எடுத்த பெண். பேசவில்லை. மனைவி சந்தனமேரியிடமும் சொல்லவில்லை.

12 மார்ச்
கோயிலில் மற்ற நாட்களில் வாசகம் வாசிக்கும் மரியசெல்வம் வந்தான். "வாத்தியாரே, ஒங்களுக்கு முடியலைன்னா பாடு நான் வாசிச்சிர்றேன்." அவன் வாசிப்பு, விராலிமலை பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயர்களைச் சொல்வது மாதிரி. கமாவுக்கும் நிற்க மாட்டான், முற்றுப்புள்ளிக்கும் நிற்க மாட்டான். 'பார்க்கலாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.
"சரின்னுதானே சொல்றீங்க?" என்று சிரித்தான்.

14 மார்ச்
தெரிந்துவிட்டது. புதுத் தேதியை உறுதி செய்ய ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது போனை எடுத்தது சந்தனமேரி.

"ஏங்க, ஏசுசாமி செத்ததை வாசிக்க நீங்க சாகணுமா? மரியசெல்வம் வாசிச்சா ஆண்டவர் உயிர்க்க மாட்டாரா?"

கேட்டுவிட்டு அழுதாள்.  

15 மார்ச்
மீமிசல் பக்கம் மகள் ஷர்லி வீட்டுக்கு வந்திருக்கிறோம். பஸ்ஸில் வழி முழுக்கச் சந்தனமேரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருமகன் ஜோஸ் இங்கே அலையாத்திக் காட்டுக்குள் வெளியூர்க்காரர்களைக் கயாக் படகில் கூட்டிப்போகிறார். ஓய்வு பெற்றதிலிருந்து வரும்போதெல்லாம் அவர் துடுப்புப் போட, நான் முன்னால் உட்கார்ந்து போவேன். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு, கடல், படகு எதுவும் ஆகாது. துளைக்குள் தண்ணீர் போனால் நேராக நுரையீரலுக்குத்தான்.

அப்படியானால் நாளைதான் கடைசி. இதையும் எடுத்துக்கொள்கிறீரா, ஆண்டவரே?

16 மார்ச், ஞாயிறு
இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வாய்க்கால் ஓரத்தில் மடையான் கொக்குகள், சேற்றில் துள்ளும் சின்ன மீன்கள் — எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டே போனேன். முகத்துவாரம் தாண்டி, கடற்புல் தெரியும் இடத்துக்கு வந்ததும் மூச்சு அடைத்தது. எவ்வளவு இழுத்தாலும் நூலளவு காற்று. தொண்டைக்குள் விசில். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினேன்.

"மாமா! மாமா, என்ன செய்யுது? ஆட்டாதீங்க, போட்டு கவுந்துரும்! கரைக்குத் திருப்புறேன்!"

கரை தூரத்தில் பச்சைக் கோடாக இருந்தது. இங்கேயேதானா? சந்தனமேரியிடம் சரியாகப் பேசாமலேயே வந்துவிட்டேனே —

இடது பக்கம் 'புஸ்' என்றது. சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு. இரண்டு துளைகள் திறந்து, மூடி, அமிழ்ந்தன.

"ஆவுளியா மாமா" என்று கிசுகிசுத்தார் ஜோஸ். "கடற்பசு. இம்புட்டுக் கிட்டக்க நான் பாத்ததே இல்ல."

கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. ஒரு மூச்சு. உள்ளே போனது. மேய்வது கீழே, மேலே வருவது மூச்சுக்கு மட்டும். கூப்பாடு இல்லை, அவசரம் இல்லை. அது எப்போது வரும் என்று காத்திருந்ததில் நானும் மெதுவாக இழுத்து மெதுவாக விட்டிருக்கிறேன். தோள் இறங்கியது. விசில் தணிந்தது.

சங்கீதங்களின் கடைசி வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன்! மூச்சுள்ளதெல்லாம் ஆண்டவரைப் புகழட்டும் என்றுதானே இருக்கிறது? குரலுள்ளதெல்லாம் என்று இல்லையே. மண்ணில் செய்த ஆதாமுக்கும் அவர் முதலில் ஊதியது மூச்சைத்தான், பேச்சு பிறகுதான். ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு நானே சொன்ன பாடம்.

கரையேறியதும் சந்தனமேரியிடம் சொன்னேன்: "பழைய தேதிக்கே போவோம்."
அவள் ஜோஸைப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள தள்ளிவிட்டீங்களா மாப்ளே?"

17 மார்ச்
இருபதாம் தேதி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. 25 தருவதாகச் சொல்கிறார்கள். மூச்சு முட்டினால் உடனே ஓடிவர வேண்டுமாம். நானாகத் தேடிக்கொண்ட ஐந்து நாள்.

21 மார்ச்
பாடுகளின் பகுதியை நகல் எடுத்து, மூச்சு எடுக்கும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு மரியசெல்வத்திடம் கொடுத்தேன். நீ நின்றால்தான் கேட்கிறவர்களுக்கு உள்ளே போகும் என்று எழுதியும் காட்டினேன். வாய்ப்பாட்டைக்கூட மூச்சு விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

"இம்புட்டுக் கோடா! பஸ்ஸுல இத்தன ஸ்பீடு பிரேக்கர் இருந்தா எறங்கி நடந்துருவேன் வாத்தியாரே" என்றான். ஆனால் தாளை நான்காக மடிக்காமல், சட்டத்துக்குள் வைக்கும் படம்போலக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான்.

24 மார்ச்
படுத்தால் விசில். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். சந்தனமேரி முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். "சந்தனம்" என்று கூப்பிட்டேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை. கூப்பிடத் தோன்றியது.

10 ஏப்ரல்
ஆபரேஷன் முடிந்து வீடு வந்தாயிற்று. சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. "கல்யாணமாகி இப்பத்தான் நான் பேசறதை முழுசா கேக்குறீங்க" என்கிறாள்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி
முதல் இரண்டு கோடுகளையும் மரியசெல்வம் தாண்டி ஓடினான். மூன்றாவதில் என் பக்கம் பார்த்தான். நின்றான். அதன்பிறகு ஒவ்வொன்றிலும் நின்றான்.

ஆண்டவர் உயிர் விட்டதை வாசித்ததும் கோயில் முழுதும் முழங்காலிட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்: 'உஸ்... உஸ்...' என் கழுத்துத் துளையிலிருந்து. முன்னால் இருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பினார்கள். சந்தனமேரி துணியால் மூடக் கையைக் கொண்டுவந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள். நான் மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டேன்.

அந்த இடத்தில் நான் ஒரு கோடுதான் போட்டிருந்தேன். மரியசெல்வம் அதைவிட அதிக நேரம் தலை கவிழ்ந்திருந்தான். நானே அங்கே அவ்வளவு நேரம் நின்றதில்லை.