தண்ணீர் போலச் சுற்றியது

தோல்னா ரேகா,
6 செப்டம்பர் 1999

அன்புள்ள பென்கோ,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் நலத்துக்கு ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

ஒரு சங்கடம். வியாழக்கிழமை குடமிளகாய் மூட்டைகளோடு நம் வேனைச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். மேட்டில் நின்றுவிட்டது. உள்ளே 'டப்'பென்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பச் சாவி போட்டேன். இன்ஜின் என்றைக்கும் இல்லாத அளவு லேசாகச் சுற்றியது, பென்கோ. முக்கல் முனகல் கிடையாது, தண்ணீர் போல. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நீ ஸ்பெயினுக்குக் கிளம்பின அன்று, "எல்லாம் தண்ணீரா ஓடட்டும்" என்று வாசலில் செம்புத் தண்ணீர் ஊற்றினேனே, அது பலிக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் இன்ஜின் பற்றிக்கொள்ளவில்லை. அந்த வழியாக வந்த பாதர் சிமியோன் துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். பிறகு நான்தான் கியரில் போட்டுச் சரிவில் தள்ளச் சொன்னேன். பாதரும் சேர்ந்து தள்ளினார். அப்போதும் இல்லை.

என்ன செய்யட்டும்? அடுத்த மாதம் புனித திமிதர் நாளுக்கு வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்புவார்கள். நீயும் வந்து இந்த வேனை ஓட்டிப் பிழைப்பதாகத்தானே பேச்சு.

உன் நெவேனா

*

வலென்சியா,
19 செப்டம்பர்

அடி நெவேனா,

உனக்கு மூளை இருக்கிறதா? லேசாகச் சுற்றினால் சந்தோஷப்படுவாளா ஒருத்தி? நல்ல இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்த்து முக்கும். உள்ளே காற்று அழுந்துகிற எதிர்ப்பு அது. எதிர்ப்பே இல்லையென்றால், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் பல் தாவியிருக்கிறது. மேலே வருகிற பிஸ்டன், திறந்து கிடக்கிற வால்வை இடித்து வளைத்திருக்கிறது. நீ சாவி போடப் போட இடி. அது போதாதென்று பாதரும் பட்டாளமுமாகத் தள்ளல் வேறு. அந்த ஆள் துளசியை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்திருக்கலாம்.

இனிச் சாவியைத் தொடாதே. மெக்கானிக் மெத்தோதியைக் கூப்பிடு. பெல்ட் மூடியைக் கழற்றி, பல்சக்கரங்களில் இருக்கிற குறிகள் நேராக நிற்கிறதா பார்க்கட்டும். ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றட்டும். இரும்பில் இரும்பு முட்டினால் அங்கேயே நிறுத்தணும். அழுத்தம் அளக்கணும். நீ வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒன்று விடாமல் எழுது.

வேன் பிழைத்தால் வருவேன். இல்லாவிட்டால் அங்கே வந்து கல்லையா தின்பது?

கோபத்தோடும் முத்தத்தோடும்,
பென்கோ

*

தோல்னா ரேகா,
1 அக்டோபர்

அன்புள்ள பென்கோ,

ஒன்று விடாமல் எழுதுகிறேன். பெல்ட்டில் பற்கள் மழுங்கி, ஓரம் நூல் நூலாகத் தொங்குகிறது. குறிகள் நேராக இல்லை. ஸ்பேனர் பாதிச் சுற்றில் 'டக்'கென்று முட்டியது. மெத்தோதி பெல்ட்டைச் சரியாக மாட்டி அழுத்தம் அளந்தான். முள் அசையவே இல்லை. மேல்பாகத்தைத் திறந்தால் வால்வுகள் எல்லாம் வளைந்து, பிஸ்டன்களிலும் பள்ளம்.

"அக்கா, கோயில்ல செத்தவங்களுக்கு ஏத்துற கீழ்த்தட்டுல இதுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வெச்சிடுங்க" என்றான். வாயைக் கழுவச் சொன்னேன். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை.

திட்டு பென்கோ, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வேன் இல்லாவிட்டால் என்ன, வா. மிளகாயை மாட்டுவண்டியில் ஏற்றுவோம்.

உன் நெவேனா

*

வலென்சியா,
15 அக்டோபர்

அன்பு நெவேனா,

கடிதம் கிடைத்தது. பரவாயில்லை, உன் தப்பு ஒன்றுமில்லை. வேனை உனக்குச் சரியென்று பட்டபடி கொடுத்துவிடு. இங்கே வேலை இருக்கிறது, எனக்கு ஒரு குறையுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். பாதருக்கு என் வணக்கம்.

பென்கோ

*

தோல்னா ரேகா,
27 அக்டோபர்

பென்கோ,

நேற்று திமிதர் நாள். எதிர்வீட்டு அசேன் கிரீஸிலிருந்து வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக, கதவுக்கு ஏன் எண்ணெய் போடவில்லை என்று பெண்டாட்டியோடு சண்டை. அவர்கள் சத்தத்தை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். எங்கேயும் முட்டவில்லை. ஒரு முக்கல் இல்லை. பாதருக்கு வணக்கமாம். தண்ணீர் போலப் போகிறது. மூளை இருக்கிறதா என்று கேட்டாயே, அந்தக் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

வேனை மெத்தோதி இழுத்துப் போய்விட்டான்.

எதிர்ப்பு இல்லையென்று தெரிந்த பிறகு சாவியைத் தொடக்கூடாது என்று நீதான் எழுதினாய். அதனால் இனி எழுத மாட்டேன். உன் மெழுகுவர்த்தியை மட்டும் நிறுத்தவில்லை. மேல்தட்டில்தான் ஏற்றுகிறேன், உயிரோடு இருப்பவர்களின் தட்டில்.

நெவேனா