இருநூறு படியும் ஒரு வாய் கூஸ்கூஸும்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நானும் என் வயிற்றிலிருக்கும் ஏழு மாதமும் நலம்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இந்த அல்ஜியர்ஸ் கட்டிடத்தில் ஐந்து மாடி இறங்குவதற்குள் நான்கு வீட்டுச் சமையல் வாசனை மூக்கில் ஏறும். கர்ப்பிணிக்கு வாசனை பட்டுவிட்டால் ஒரு வாய் ஊட்டாமல் விடுவார்களா? ஒரே மாதத்தில் நான்கு கிலோ கூடிவிட்டேன். "நடக்கச் சொன்னேனா, திங்கச் சொன்னேனா?" என்று டாக்டர் கத்தினார்.

வெள்ளிக்கிழமை, இரண்டாம் மாடி ஸுலீக்கா அக்கா ஆவி பறக்கும் கூஸ்கூஸ் ரவைச் சோற்றுத் தட்டோடு வழிமறித்தார்.

"தெருமுனைப் படிக்கட்டு மேட்டு உச்சிக்குக் கொண்டு வாங்கக்கா, அங்க சாப்பிடுறேன்" என்றேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு வீட்டுப் பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். இருநூறு படி. நிதானமாக ஏறி, நான்தான் முதலில் உச்சியைத் தொட்டேன்! பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட அக்கா கீழேயிருந்து கூவினார்: "அடியே வஹீபா, புள்ளத்தாச்சி நீயா, நாங்களா?"

இறங்கிப் போய் முதல் வாயை நானே அவருக்கு ஊட்டினேன். இப்போது தினமும் ஐந்து பேராக, வெறுங்கையோடு நடக்கிறோம்.

என் செருப்பு இறுக்குகிறது, பிரசவத்துக்கு வரும்போது உங்களுடைய அகலச் செருப்பைக் கொண்டு வாருங்கள். நேற்று, நீங்கள் சுடும் ரொட்டியின் வாசனை இங்கே அடித்தது அம்மா. வாசனை பட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே ஐந்து மாடிக்கும் லிஃப்ட் ஓடவில்லை, இன்றிலிருந்தே நடந்து பழகுங்கள்.

பள்ளியில் இடைவேளை முடிந்து வகுப்பு மணி அடித்துவிட்டது, பாடம் நடத்தப் போகிறேன்.

உங்கள் வஹீபா